உலையைத் தேடாத கண்ணாடி

கண்ணாடி என்றாலே உலை என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்து, பார்க்கவே கண் கூசும் வெப்பத்தில் உருக்கி ஆறவைப்பது. வளையலும் அப்படித்தான், ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். ஆனால் நெருப்பே இல்லாமல், ஒரு குடுவைக்குள் இருக்கும் திரவத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் அது தானாகக் கண்ணாடி மாதிரி இறுகும் என்று 1845-லேயே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தார். அவர் பெயர் ழாக்-ழோசெஃப் எபெல்மென். அந்தக் கோப்பு ஏறக்குறைய நூறு ஆண்டு நிலுவையில் கிடந்தது. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான், நிலுவைக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நீளமான நிலுவையைப் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஒன்று தெரியும். இணைப்புக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு அலுவலகத்தில் பெரிதாக மதிப்பில்லை. "பிரெஞ்சு படிச்சு என்னத்தக் கண்டீங்க சார்?" என்று கேட்காத சக ஊழியர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு ஒரு பயன் கிடைத்தது. பாரிஸ் தேசிய நூலகம் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் "காலிக்கா" என்ற பெயரில் கணினியில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அறிவியல் அகாதெமியின் வாராந்தர நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. அலுவலகக் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு அந்த நடை ரொம்பப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல், "இதைச் செய்தேன், இது வந்தது" என்று எழுதியிருப்பார்கள். எபெல்மென் எனக்கு அறிமுகமானது அங்கேதான்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிக்கிற டம்ளருக்கு எந்தக் கண்ணாடியும் போதும். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டியது வேறு. அதற்குள் குமிழ் இருக்கக் கூடாது, நெளிவும் இருக்கக் கூடாது. வெந்நீரில் சர்க்கரை போட்டால் கரையும்போது இழை இழையாகத் தெரியுமே, அதே மாதிரி நெளிவு கண்ணாடிக்குள் உறைந்துவிட்டால் அந்த லென்சு எதற்கும் ஆகாது. சுவிட்சர்லாந்தில் பியேர்-லூயி கினான் என்ற கைவினைஞர் இதற்காகவே பல்லாண்டு உழைத்தார். உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தால் நெளிவு போகும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். பாயசத்தை அடிபிடிக்காமல் கிளறுவது போலத்தான். ஆனால் அந்த ரகசியம் அவர் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. அது தெரியாத இங்கிலாந்து, மைக்கேல் ஃபாரடேயிடம் அந்த வேலையை ஒப்படைத்தது. அவர் 1825 முதல் சில ஆண்டுகள், பிளாட்டினத் தட்டில் ஈயமும் போரானும் கலந்த கனமான கண்ணாடியை உருக்கிப் பார்த்தார். 1829-இல் ராயல் சொசைட்டியில் மிக நீண்ட அறிக்கையும் படித்தார். லென்சுத் தொழிலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்று மட்டும் 1845-இல் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. காந்தத்தால் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்ப முடியும் என்று அதை வைத்துத்தான் ஃபாரடே காட்டினார்.

பிளாட்டினத் தட்டு, ராத்திரி பகலாக எரியும் உலை, கிளறுவதற்கு ஆள் என்றால் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் சிலிக்காவாலான தூய கண்ணாடி வேண்டுமென்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு 1700 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டிலும் அது தேன் பாகை விடக் கெட்டியாக இருக்கும், உள்ளே மாட்டிய குமிழ் வெளியே வராது.

எபெல்மெனுக்கு வருவோம். கிழக்குப் பிரான்ஸில் போம்-லெ-தாம் என்ற ஊரில் 1814-இல் பிறந்தவர். சுரங்கப் பொறியாளர். பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற இடத்தில் இருக்கும் அரசுப் பீங்கான் ஆலையில் சேர்ந்து, 1847-இல் அதன் நிர்வாகி ஆனார். அந்த நாற்காலியில் அவருக்கு முன் பல பத்தாண்டுகள் இருந்தவர் அலெக்சாந்த்ர் புரோங்நியார் என்ற பெரிய மனிதர். எபெல்மென் பீங்கான் ஆலையின் சூளையைப் பயன்படுத்தி மாணிக்கம் போன்ற கற்களின் படிகங்களைச் செயற்கையாக வளர்த்தார். பாறைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை எப்படி மெல்ல உறிஞ்சுகின்றன என்றும் 1845-இலேயே எழுதினார். இன்று பருவநிலை பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் விஷயம் அது. அந்தக் கோப்பும் பல காலம் மறந்து கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தூசி தட்டப்பட்டது. இந்த மனிதருக்கு என்ன ராசியோ! 1852-இல் காலமானார். வயது 37.

கண்ணாடி விஷயத்தில் அவர் செய்தது இதுதான். சிலிக்கன் டெட்ராகுளோரைடு என்று ஒரு புகையும் திரவம் உண்டு. அதில் தண்ணீர் கலக்காத சாராயத்தைச் சேர்த்தார். காரமான ஆவி வெளியேறிப் போக, மிஞ்சியதைக் காய்ச்சி வடித்தால் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு திரவம் கிடைத்தது. இன்றைய பெயர் எத்தில் சிலிகேட். அதைச் சரியாக மூடாத குடுவையில் வைத்துவிட்டார். காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. ஈரம் பட்டதும் சாராயம் பிரிந்து வெளியேறுகிறது, சிலிக்காத் துணுக்குகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்கின்றன. முதலில் திரவம் கெட்டிப்படும். பிறகு நம் வீட்டுக் கடற்பாசி ஜெல்லி போல் ஆகும். மாதக்கணக்கில் காய்ந்தால் சுருங்கிச் சுருங்கிக் கெட்டியான, ஒளி ஊடுருவும் ஒரு கட்டியாகும். 1845-இல் அகாதெமிக்கு அனுப்பிய குறிப்பின் தலைப்பிலேயே "சிலிஸ் தியாஃபான்" என்று எழுதியிருக்கிறார். ஒளி ஊடுருவும் சிலிக்கா என்று அர்த்தம். சில கட்டிகள் வெளுத்துப்போய் மங்கலாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மறுபடி தெளிந்துவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உலை வேண்டாம், பிளாட்டினம் வேண்டாம், கிளற ஆளும் வேண்டாம். அப்படியானால் ஏன் உடனே எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை?

காரணம், வெடிப்பு. கோடையில் ஊசுடு ஏரி வற்றும்போது கரையோர வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெல்லியும் அப்படித்தான் வெடிக்கிறது. மிக நுண்ணிய துளைக்குள் இருக்கும் திரவம் ஆவியாகும்போது, மிச்சமிருக்கும் திரவம் துளையின் சுவர்களை உள்ளே இழுக்கும். துளை சிறியதாக ஆக இழுவை கூடும். இந்த ஜெல்லிக்குள் இருப்பது போன்ற துளைகளில் அது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், நடுவில் பிளந்துவிடும். மொட்டை மாடியில் வடாம் போடுகிற பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் நாளே கடும் வெயிலில் காயவிட்டால் வடாம் வில்லாக வளைந்து ஓரம் பிளக்கும். வெடிக்காமல் ஒரு லென்சுக் கட்டி வேண்டுமென்றால் அதை ஒரு வருஷம், அதற்கு மேலும், பதமாகக் காயவைக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் குடுவையில் மிஞ்சுவது தூள்தான். எந்தத் தொழிலதிபர் ஒரு வருஷம் காத்திருப்பார்? 1848-இல் புரட்சி வந்தபோது, கினான் குடும்பத்தின் கிளறும் ரகசியம் தெரிந்த ழோர்ழ் போந்தாம் பிரான்ஸை விட்டு பர்மிங்காமுக்கு, சான்ஸ் சகோதரர்கள் ஆலைக்குப் போனார். உலகத்தின் லென்சுத் தொழில் உலையின் பின்னாலேயே போனது. பிறகு 1880-களில் யேனாவில் ஓட்டோ ஷாட் வந்து புதுப்புது வகைக் கண்ணாடிகளை உருக்கிக் காட்டியதும், எபெல்மெனின் குடுவையைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.

வெடிப்பு என்ற இந்த ஒரே தடங்கலை மூன்று பேர் மூன்று விதமாகச் சமாளித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இதுதான்.

முதலாமவர் அமெரிக்கர், சாமுவேல் கிஸ்ட்லர். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் வேலை செய்தவர். திரவம் ஆவியாவதால்தானே இழுவை? திரவத்துக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இல்லாத அளவு சூட்டிலும் அழுத்தத்திலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பிறகு மெல்லத் திறந்துவிட்டால் இழுவை எங்கிருந்து வரும்? கனத்த இரும்புக் கலத்துக்குள் வைத்து அதைச் செய்தார். 1931-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். ஜெல்லி சுருங்கவே இல்லை. திரவம் இருந்த இடத்தில் காற்று நிறைந்த, நீலப்புகை போன்ற ஒரு திடப்பொருள் கிடைத்தது. ஏரோஜெல் என்று பெயர். அவர் ஆரம்பித்தது மலிவான சோடியம் சிலிகேட்டிலிருந்து. நம் ஊர்ச் சோப்புத் தொழிலில் கூடப் புழங்கும் சரக்கு அது. ஆனால் உப்பைக் கழுவிக் கழுவி வெளியேற்ற வாரக்கணக்கில் ஆகும். 1960-களின் கடைசியில் லியோன் பல்கலைக்கழகத்தில் தெய்க்னெர் என்ற பேராசிரியரின் மாணவர் ஒருவர், இந்தக் கழுவலைப் பார்த்து மனம் உடைந்து ஆய்வகத்தை விட்டே போய்விட்டார் என்றும், ஓய்வெடுத்துத் திரும்பி வந்தபின்தான் எபெல்மென் வகைத் திரவத்திலிருந்து நேரடியாகத் தொடங்கும் சுருக்குவழியைக் கண்டார் என்றும் கதையாகச் சொல்வார்கள். வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காயிற்று. அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடங்கள் ஏரோஜெலைப் பாளம் பாளமாக வாங்கின, ஏனென்றால் ஒளியை அது வளைக்கும் அளவு வாயுவுக்கும் திரவத்துக்கும் நடுவில் இருக்கிறது. வேறு எந்தக் கண்ணாடியிலும் அது கிடைக்காது. இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. 1984-இல் சுவீடனில் கலத்திலிருந்து கசிந்த சாராய ஆவி தீப்பிடித்து ஓர் ஆலையே நாசமாயிற்று.

இரண்டாவது வழி அமெரிக்காவின் கார்னிங் ஆலையைச் சேர்ந்த ஹூட், நார்ட்பெர்க் இருவருடையது. உரிமம் 1938-இல் கிடைத்தது. இவர்கள் ஜெல்லிப் பக்கமே போகவில்லை. போரானும் சோடாவும் கலந்த, எளிதில் உருகுகிற கண்ணாடியை எடுத்து முதலில் வேண்டிய வடிவத்தில் பாத்திரமாகவோ தகடாகவோ செய்துகொண்டார்கள். அதை அளவான சூட்டில் வைத்திருந்தால், உள்ளுக்குள் சிலிக்கா ஒரு பக்கம், போரான் ஒரு பக்கமாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். பிறகு சூடான அமிலத்தில் ஊறவைத்தால் போரான் பகுதி கரைந்து வெளியே வந்துவிடும், தேங்காய்ப் பாலைப் பிழிந்தபின் சக்கை நிற்பது போல. நின்றது 96 சதவீதம் சிலிக்கா. மறுபடி 1200 பாகை வாக்கில் சூடேற்றினால் துளைகள் மூடி, பொருள் கொஞ்சம் சிறுத்துத் தெளிந்துவிடும். 1700 பாகைக்கு மேல் உருக்கிப் பெற வேண்டியதை இவ்வளவு குறைந்த சூட்டில் பெற்றார்கள். "வைக்கோர்" என்ற பெயரில் விற்றார்கள். அமிலத் தொட்டியும் சாதாரண உலையும் போதும். மலிவு என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் உண்மையான மலிவு.

எபெல்மென் வழியை அப்படிச் சொல்ல முடியாது. உலைச் செலவு மிச்சம், சரிதான். ஆனால் எத்தில் சிலிகேட் மணலின் விலைக்குக் கிடைக்காது. காலமும் ஒரு செலவுதானே. இந்த முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் குறைந்த சூட்டைச் சொல்லிவிட்டுச் சரக்கு விலையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியவன் கண்ணுக்கு அது உறுத்துகிறது.

மூன்றாவது வழிதான் இந்தக் கணக்கை நேர் செய்தது. கட்டியாக வெடிக்கிறதா? அப்படியானால் கட்டியாகச் செய்யாதே, மெல்லிய தோலாகப் பூசு. ஷாட் நிறுவனத்தைச் சேர்ந்த கெஃப்கென், பெர்கர் இருவர் 1939-இல் இதற்கு உரிமம் எடுத்தார்கள். சாதாரணக் கண்ணாடித் தகட்டை அந்தத் திரவத்தில் முக்கி, ஒரே சீராக மேலே தூக்க வேண்டியது. ஒட்டிக்கொண்டு வரும் படலம் சில நொடிகளில் ஜெல்லியாகி, அடுப்பில் கொஞ்சம் சூடு காட்டினால் கண்ணாடியாகவே ஆகிவிடும். மைக்ரானில் ஒரு பங்குதான் கனம். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஈரம் சட்டென்று வெளியேறும், கீழே இருக்கும் தகடு பிடித்துக்கொள்வதால் பிளக்காது. மெதுவாகத் தூக்கினால் தோல் மெல்லிசு, வேகமாகத் தூக்கினால் தடிப்பு. கைப்பிடி வேகத்தை வைத்தே ஒளியை ஆட்டிவைக்கலாம். சரக்கும் சொட்டுக் கணக்கில்தான் செலவாகும், அதனால் விலை பிரச்சினை இல்லை.

அதே 1939-இல்தான் போர் வந்தது. 1945-இல் அமெரிக்கப் படை யேனாவை விட்டு வெளியேறியபோது ஷாட்டின் கண்ணாடி வல்லுநர்கள் 41 பேரையும் அவர்கள் குடும்பங்களையும் மேற்கே கூட்டிக்கொண்டு போனது. பின்னர் மைன்ஸ் நகரில் புது ஆலை எழுந்தது. அங்கே 1950-களிலும் 60-களிலும் கார்களின் பின்பார்வைக் கண்ணாடி, பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி, வெயிலைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடி என்று முக்கியெடுத்த சரக்குகள் வந்தன. 1971-இல் அதே நிறுவனத்தின் டிஸ்லிஷ், பல வகைத் திரவங்களைக் கலந்து, உருகுநிலைக்கு வெகு கீழேயே போரோசிலிகேட் கண்ணாடியைச் செய்து காட்டினார். அதன் பிறகுதான் உலகெங்கும் ஆய்வாளர்கள் "சோல்-ஜெல்" என்று பேச ஆரம்பித்தார்கள். கட்டி லென்சும் பிற்பாடு வந்தது. ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற பேராசிரியரின் குழு 1980-களில் அதைச் சாதித்தது. ஆனாலும் தோல்தான் வியாபாரத்தில் நின்றது.

பிரான்ஸிலும் கோப்பு மறுபடி திறக்கப்பட்டது. 1977-இல் ழாக் லிவாழ் என்ற வேதியியலாளர் 'லெ மோந்த்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கடலில் வாழும் டயாட்டம் என்ற நுண்பாசி, குளிர்ந்த கடல்நீரிலிருந்தே சிலிக்காவை எடுத்துத் தனக்கு ஒரு கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கிறது, நமக்கு மட்டும் ஏன் ஆயிரம் பாகை என்று கேட்டார். இந்த வகை வேதியியலுக்கு அவர் வைத்த பெயர் "ஷிமி தூஸ்". இதை "மென்வேதியியல்" என்று தமிழாக்கலாம்தான், ஆனால் "தூஸ்" என்ற சொல்லின் சுவை அதில் முழுதாக வராது. பிரெஞ்சில் "ஓ தூஸ்" என்றால் உப்பில்லாத நல்ல தண்ணீர். இதமானது, உறுத்தாதது என்ற அர்த்தமும் உண்டு. நம் பக்கத்தில் "நல்ல தண்ணிக் கிணறு" என்பார்களே, அந்த நல்ல. இதற்கு நல்ல தமிழ்ச்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

இப்போது போர்தோ நகருக்குப் பக்கத்தில் 'மெகாழூல்' என்ற மாபெரும் லேசர் நிலையம் இருக்கிறது. 2014-இல் சோதனைகள் தொடங்கின. அங்கே ஒளி போகும் வழியில் ஏராளமான லென்சுகளும் கண்ணாடித் தகடுகளும் நிற்கின்றன. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இருபக்கமும் சேர்த்தால் 8. இத்தனை கண்ணாடிகளைத் தாண்டுவதற்குள் லேசரில் என்ன மிஞ்சும்? அதைத் தடுக்க அந்தக் கண்ணாடிகள்மேல் பூசியிருப்பது, துளைகள் நிறைந்த சிலிக்காத் தோல். அமெரிக்காவின் லிவர்மோர் கூடத்தில் இயான் தாமஸ் என்பவர் 1986-இல் செய்து காட்டிய பூச்சு அது. ஆதிச் சரக்கு அதே எத்தில் சிலிகேட். லென்சுக் கட்டிக்குக் குறையாக இருந்த அந்தத் துளைகளே இங்கே வேலை செய்கின்றன. பாதி கண்ணாடி பாதி காற்று என்றிருப்பதால் ஒளி முட்டாமல் உள்ளே போகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்மில் பாதிப்பேர் இப்போது போட்டிருப்பது பிளாஸ்டிக் லென்சு மூக்குக்கண்ணாடி. பிளாஸ்டிக் மிருதுவானது, சட்டென்று கீறல் விழும். அதனால் அதன்மேல் "ஹார்ட் கோட்" என்று கடைக்காரர் கூடுதல் பணம் கேட்கிறாரே, அதில் பெரும்பாலானவை இந்த சோல்-ஜெல் வழியில் வரும் சிலிக்காப் பூச்சுதான். கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பராமரிப்பில்தான் கவனம் வேண்டும். சூடு பட்டால் பிளாஸ்டிக் அதிகம் விரியும், மேலே இருக்கும் தோல் அவ்வளவு விரியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது லென்சில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். எபெல்மெனின் குடுவையில் விழுந்த வெடிப்புக்கு இதுவும் ஒருவகை உறவுதான். வேட்டி நுனியால் உலரத் துடைக்காமல், பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.